மூளையா, புருவமா?

எலுமிச்சை ஜெல்லிக்கும் மூளை அலை உண்டு. 1970களில் கனடாவின் ஹாமில்டன் நகரில் ஏட்ரியன் அப்டன் என்ற நரம்பியல் மருத்துவர், ஜெல்லிக் கட்டி ஒன்றின்மேல் எலக்ட்ரோடுகளைப் பதித்து இ.இ.ஜி. எனும் மூளை அலைப் பதிவை எடுத்தார். காகிதத்தில் நெளிந்து வந்த கோடுகள் உயிருள்ள மனிதரின் பதிவைப் போலவே இருந்தன. சுற்றியிருந்த கருவிகளின் மின் இரைச்சலையும் ஆட்களின் நடமாட்டத்தையும் ஜெல்லி வாங்கிக் காட்டியிருந்தது, அவ்வளவுதான். இ.இ.ஜி. ஒன்றை மட்டும் நம்பி மூளைச் சாவை முடிவு செய்யாதீர்கள் என்று சக மருத்துவர்களுக்குச் சொல்லவே அவர் இதைச் செய்தார்.

இன்று வீட்டிலேயே தலையில் மாட்டிக்கொள்ளும் இ.இ.ஜி. பட்டைகள் கிடைக்கின்றன. டொரோண்டோ நிறுவனம் ஒன்றின் ‘மியூஸ்’ இவற்றில் பிரபலமானது. நெற்றியில் இரண்டு, காதுகளுக்குப் பின்னால் இரண்டு என நான்கு இடங்களில் மின்னழுத்தத்தை அளந்து, புளூடூத் வழியாகக் கைபேசிக்கு அனுப்பும். தியானம் எப்படி நடந்தது, கவனம் எவ்வளவு என்று செயலி மதிப்பெண் போடும். அந்த மதிப்பெண்ணில் மூளையின் பங்கு எவ்வளவு, ஜெல்லியின் பங்கு எவ்வளவு?

தலைத்தோலை எட்டும் மூளை அலையின் உயரம் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட். இதயத்தின் இ.சி.ஜி. ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட், அதாவது 1,000 மைக்ரோவோல்ட். இடையில் மண்டையோடு இருப்பதால் மூளையின் மின்சாரம் பரவி, மங்கித்தான் வெளியே வருகிறது. அதே தோலில் இமையும் தசையும் வீட்டு மின்கம்பியும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன.

கண்ணை எடுத்துக்கொள்வோம். விழியின் முன்பக்கம் நேர்மின், பின்பக்கம் எதிர்மின். ஒவ்வொரு கண்ணும் ஒரு குட்டி பேட்டரி. இமைக்கும்போது நெற்றியில் நூறு மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் மேடு ஒன்று எழுகிறது. பட்டையின் முன் எலக்ட்ரோடுகள் இருப்பதோ புருவத்துக்கு நேர் மேலே! இமைப்பு மெதுவான அசைவு என்பதால் டெல்டா, தீட்டா எனப்படும் தாழ்ந்த அதிர்வெண்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

தசையின் வேலை இதைவிட மோசம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சில தன்னார்வலர்களுக்கு, விழிப்பு நிலையிலேயே உடல் தசைகளை மருந்தால் முழுக்கச் செயலிழக்க வைத்து இ.இ.ஜி. எடுத்தார்கள். 2007இல் வெளியான முடிவு துறையையே நெளியவைத்தது. தலைத்தோலில் 20 ஹெர்ட்ஸுக்கு மேல் பதிவாவதில் பெரும்பகுதி தசையின் மின்சாரம். பீட்டா என்று நாம் சொல்வது ஏறத்தாழ 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரை. காமா அதற்கும் மேலே. எனவே நெற்றிப் பட்டை ‘பீட்டா கூடிவிட்டது, கவனம் அபாரம்’ என்று பாராட்டினால், நீங்கள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டோ பல்லைக் கடித்துக்கொண்டோ இருக்கிறீர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். கடினமான கணக்கைப் போடும்போது புருவம் சுருங்காதவர் யார்?

மின்கம்பி இரைச்சல் பயமுறுத்தும் எதிரியாகத் தோன்றும். உண்மையில் அது பயன்படும். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது நம் உடல் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் படிகிறது. இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைத்தான் கருவி அளக்கிறது என்பதால், பொதுவாக உள்ளது கழிந்துபோகும். ஆனால் ஒரு எலக்ட்ரோடு சரியாகப் பதியாமல் இருந்தால் கழித்தல் பிசகி, 50 ஹெர்ட்ஸ் தலைதூக்கும். ஆகவே 50 ஹெர்ட்ஸ் உயர்ந்தால் வடிகட்டியைத் தேடி ஓடாமல் முதலில் பட்டையைச் சரிசெய்யுங்கள். வடிகட்டி 50 ஹெர்ட்ஸை மறைக்கும். கெட்டுப்போன தொடர்பைச் சரியாக்காது. சார்ஜரைக் கழற்றிவிட்டு, பிளக் பாயிண்டிலிருந்து தள்ளி உட்காருவதும் உதவும்.

மருத்துவமனையில் எலக்ட்ரோடுக்கு அடியில் பசை தடவுவார்கள். வீட்டுப் பட்டை உலர் எலக்ட்ரோடு. தோலுக்கும் அதற்கும் இடையிலான மின்தடை பல மடங்கு அதிகம். தேங்காயெண்ணெய், பவுடர், கிரீம், விபூதி எல்லாமே இங்கே தடைதான். இ.இ.ஜி. எடுக்க வருபவர்களிடம் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வதும் இதனால்தான். நெற்றியையும் காதின் பின்புறத்தையும் கழுவித் துடைத்து, எலக்ட்ரோடு படும் இடத்தை லேசாக ஈரப்படுத்துங்கள். காதுக்குப் பின்னால் முடி சிக்காமல் ஒதுக்குங்கள். மாட்டியதும் பதிவைத் தொடங்காமல் சில நிமிடம் பொறுத்தால் தோலின் ஈரமே தொடர்பை மேம்படுத்தும். வழியுமளவு வியர்த்தால் மட்டும் கோடு மெல்ல மெல்ல மேலும் கீழும் மிதக்கத் தொடங்கும். வெயிலில் வந்தவுடன் உட்காராதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது மூளை அலைதானா? இந்தச் சந்தேகம் மூளை அலையைக் கண்டறிந்தவருக்கே இருந்தது. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதத் தலையிலிருந்து முதல் பதிவை எடுத்தார். இது இதயத் துடிப்போ, ரத்த ஓட்டமோ, தோலோ, தசையோ என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். தன் மகன் கிளாவுஸின் தலையிலும் பலமுறை பதிவு செய்தார். 1929இல்தான் கட்டுரை வந்தது. அப்போதும் பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஏட்ரியனும் (ஜெல்லி மருத்துவர் அல்ல, வேறொருவர்) மேத்யூஸும் சரிபார்த்த பிறகே உலகம் ஏற்றது.

பெர்கர் கண்ட ஆல்பா அலையே உங்களுக்கும் உரைகல். புருவத்தையும் தாடையையும் தளர்த்தி, கண்ணை மென்மையாக மூடுங்கள். காதுப் பக்கத்துப் பதிவுகளில் 8 முதல் 13 ஹெர்ட்ஸுக்குள் ஒரு மேடு எழ வேண்டும். கண்ணைத் திறந்தால் அது அடங்க வேண்டும். மாறி மாறிச் செய்து பாருங்கள். ஆல்பா பிறப்பது பின்மண்டையில் என்பதால் நெற்றியில் அதைத் தேட வேண்டாம். சிலருக்கு இயல்பிலேயே ஆல்பா மங்கல். வீட்டில் இன்னொருவருக்கு மாட்டிப் பார்த்தால் குறை பட்டையிலா என்பது தெரிந்துவிடும்.

வலிப்பு, மயக்கம் போன்றவற்றுக்கு நான்கு எலக்ட்ரோடு போதாது. மருத்துவமனையில் வழக்கமாகத் தலையில் மட்டும் 19 இடங்களில் அளப்பார்கள். அந்தப் பதிவை நரம்பியல் மருத்துவர் படிக்க வேண்டும். ஆர்வத்துக்காகப் பட்டை வாங்குபவர்கள் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள்: மூல அலைக்கோட்டைத் திரையில் காட்டுமா? மதிப்பெண் மட்டும்தான் தரும் என்றால், வாங்க வேண்டாம்.