தேவைக்கு முன்பே சேர வேண்டிய ரத்தம்

ரத்தத்தைத் தொழிற்சாலையில் தயாரிக்க முடியாது. செயற்கை ரத்தத்துக்கான ஆராய்ச்சி பல பத்தாண்டுகளாக நடந்தாலும், இன்றைக்கும் ஒருவருக்கு வேண்டிய ரத்தம் இன்னொரு மனிதரின் கையிலிருந்துதான் வந்தாக வேண்டும். வந்ததை நெடுநாள் வைத்திருக்கவும் முடியாது. 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்தால் சிவப்பணுக்கள் அதிகபட்சம் 42 நாள் தாங்கும். தட்டணுக்களின் ஆயுள் 5 நாள்தான். அவற்றைக் குளிரூட்டவும் கூடாது. 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், இடைவிடாமல் மெல்ல அசையும் தட்டில் வைத்திருக்க வேண்டும். பிளாஸ்மாவை மட்டும் உறைய வைத்து ஓராண்டு வரை காக்கலாம். ரத்த வங்கியின் இருப்பு நாள்தோறும் கரைந்துகொண்டே இருப்பது. நாள்தோறும் நிரப்பப்பட வேண்டியது.

தேவையோ நேரம் பார்த்து வருவதில்லை. பிரசவத்துக்குப் பின் நிற்காமல் ரத்தம் போகும் தாய்க்குச் சில நிமிடங்களில் ரத்தம் ஏற்றியாக வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவருக்கும் அப்படித்தான். தலசீமியா உள்ள குழந்தைக்கு 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க ரத்தம் வேண்டும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவருக்குத் தட்டணுக்கள் திடீரென்று சரியும். இவர்களுக்காக உறவினர் ஆள் தேடி ஓடி, அழைத்து வந்து, ரத்தம் எடுத்து, பரிசோதனை முடித்து ஏற்றுவதற்குள் பல மணி நேரம் போய்விடும். உயிரைக் காப்பது அன்றைக்குக் கொடுக்கப்படும் ரத்தம் அன்று. முந்தைய வாரம் யாரோ முகம் தெரியாத ஒருவர் கொடுத்து, பரிசோதிக்கப்பட்டு, தயாராக இருக்கும் ரத்தம்தான்.

இந்தியாவில் இந்த ஏற்பாடு ஒழுங்குக்கு வர நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 1990களின் தொடக்கம் வரை, பணத்துக்காக ரத்தம் விற்பவர்களை நம்பியே பல ரத்த வங்கிகள் நடந்தன. நாட்டில் அப்போது இருந்த 1,018 ரத்த வங்கிகளில் 616 உரிமம் இல்லாதவை. விற்பவர்களில் பெரும்பாலோர் வறுமையில் உழன்றவர்கள். நோயை மறைத்து, உடல் தேறும் முன்பே மறுபடி வந்து கொடுத்தார்கள். 1986இல் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்ட பிறகு இதன் ஆபத்து பல மடங்கானது. 'காமன் காஸ்' என்ற அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில் 1996 ஜனவரி 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி 1998 ஜனவரி 1 முதல் ரத்தத்தை விலைக்கு வாங்குவது தடை செய்யப்பட்டது. தேசிய, மாநில ரத்த மாற்றுக் குழுமங்கள் உருவாயின. இன்று மருத்துவமனை வாங்குவது பரிசோதனைக்கும் பதப்படுத்தலுக்குமான கட்டணம் மட்டுமே. ரத்தத்துக்கு விலை கிடையாது.

விற்பனை ஒழிந்தாலும் அதன் நிழல் இன்னொரு வடிவில் தொடர்கிறது. "ஒரு பாட்டில் எடுத்தால் பதிலுக்கு ஒரு பாட்டில் கொடுங்கள்" என்று நோயாளியின் குடும்பத்திடம் கேட்கும் வழக்கம் அது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும் மைத்துனர், தனக்குப் போன வருடம் மஞ்சள் காமாலை வந்ததையோ, வேறு தொற்றுக்கு வாய்ப்பு இருப்பதையோ உறவினர் மத்தியில் சொல்வது கடினம். ஆள் கிடைக்காத குடும்பம் ரகசியமாகப் பணம் கொடுத்து ஒருவரைப் 'பெரியப்பா மகன்' என்று கூட்டி வருவதும் உண்டு. மனமுவந்து, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கொடுப்பவருக்கு மறைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவர் ரத்தம் ஒவ்வொரு முறையும் பரிசோதிக்கப்பட்டுத் தேறியது. பாதுகாப்பும் தட்டுப்பாடின்மையும் தனித்தனிப் பிரச்சினைகள் போலத் தோன்றும். இரண்டுக்கும் விடை தொடர்ந்து கொடுக்கும் இந்தத் தன்னார்வக் கொடையாளர்தான்.

எடுத்த ஒவ்வொரு பையும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். அதிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. தொற்றிய சில வாரங்களுக்கு எதிர்ப்புப் புரதம் உடலில் போதிய அளவு உருவாகாது. பரிசோதனை 'இல்லை' என்றே காட்டும். வைரஸின் மரபுப் பொருளையே தேடும் 'நாட்' பரிசோதனை இந்த நாட்களைக் குறைக்கிறது, முற்றிலும் போக்குவதில்லை. செலவு அதிகம் என்பதால் எல்லா ரத்த வங்கிகளிலும் அது இல்லை. ஆகவே கொடையாளரிடம் ஊசி குத்துவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகளே முதல் காவல்.

காவல் தவறினால் என்ன ஆகும் என்பதை 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் கண்டது. அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. உறவினருக்காக ஓர் இளைஞர் கொடுத்த ரத்தம் அது. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்ததும் அவரே விரைந்து வந்து ரத்த வங்கியில் தெரிவித்தார். அதற்குள் பை வேறொருவர் உடலில் ஏறிவிட்டது. அந்த இளைஞர் பின்னர் உயிரை மாய்த்துக்கொண்டார். பரிசோதனைக் கருவி இருந்தால் மட்டும் போதாது. முடிவைச் சரியாகப் பதிவதும், தொற்று உறுதியானால் கொடையாளரைத் தேடிச் சென்று பக்குவமாகச் சொல்வதும் ரத்தப் பாதுகாப்பின் பகுதிதான். நேர்மையாக வந்து சொன்ன ஒருவரையும் காக்கத் தவறிய ஏற்பாடு அது.

ஒரு பை ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரித்தால் மூவருக்கு வரை உதவும். சோகைக்குச் சிவப்பணு, டெங்குவில் தட்டணு மிகவும் குறைந்து ரத்தம் கசிபவருக்குத் தட்டணு, தீக்காயம் போன்றவற்றுக்குப் பிளாஸ்மா என்று தேவைக்கேற்பத் தரலாம். எல்லாருக்கும் முழு ரத்தம் ஏற்றுவது வீண்.

தமிழ்நாட்டில் முகாம்களுக்குக் குறைவில்லை. குறை அவற்றின் தேதிகளில் இருக்கிறது. தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள் என்று ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் கொடுக்கும்போது, அத்தனை தட்டணுக்களும் அடுத்த 5 நாளில் பயன்பட வேண்டும். இல்லையேல் அந்த நல்ல மனங்களின் கொடை குப்பைக்குப் போகும். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடிவிட, வெயிலுக்குப் பயந்து மற்றவர்களும் ஒதுங்க, இருப்பு வற்றிவிடும். ஒரே நாளில் ஐந்நூறு பை சேர்வதைவிட, வாரம் ஐம்பது பையாகப் பத்து வாரம் சேர்வது எவ்வளவோ மேல். அரிய வகைகளுக்குப் பையைவிடப் பெயர்ப் பட்டியலே முக்கியம். இந்தியர்களில் ஏறத்தாழ 5 சதவீதத்தினரே நெகட்டிவ் வகையினர். 1952இல் பம்பாயில் கண்டறியப்பட்ட 'பாம்பே' வகையினருக்கோ ஓ வகை ரத்தம்கூடச் சேராது.

கடைசிக் கட்டம் நோயாளியின் கட்டிலருகே. பொருந்தாத ரத்தம் ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் அறிவியல் அல்ல, எழுத்துப் பிழை. சீட்டில் பெயர் மாறுவதும், ஒரே பெயரில் இருவர் படுத்திருப்பதும் உயிரைப் பறிக்கும். நர்ஸ் பெயரையும் எண்ணையும் வகையையும் மறுபடி மறுபடி கேட்டால் உறவினர் சலித்துக்கொள்ள வேண்டாம்.

18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையும், ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாமலும் உள்ளவர் ரத்தம் கொடுக்கலாம். எடுப்பது 350 அல்லது 450 மில்லி. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் அவசரச் செய்தி வரும்வரை காத்திருக்காமல், அருகிலுள்ள அரசு ரத்த வங்கியில் இந்த மாதமே பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். மே மாதத்தில் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.