சான்றிதழுக்கும் சம்பளத்துக்கும் நடுவே

பினாங்குத் தீவின் வட கரையில், தஞ்சோங் பூங்காவில், காது கேளாத பிள்ளைகளுக்கான கூட்டரசுப் பள்ளி 1954இல் தொடங்கியது. ஜார்ஜ்டவுனில் பாகான் ஜெர்மால் சாலையிலுள்ள புனித நிக்கலஸ் இல்லம் இன்னும் மூத்தது. 1926இல் மலாக்காவில் உருவாகிப் பின்னர் பினாங்குக்கு இடம் மாறிய அந்த இல்லம் பார்வையற்றோருக்குப் பயிற்சி தருகிறது. தீவின் தென்கிழக்கே பாயான் லெப்பாஸ். 1972இல் அங்கே தடையற்ற வர்த்தக மண்டலம் வந்தது, அதே ஆண்டில் இன்டெலும் வந்தது. தொழிற்சாலைகளுக்கு ஏற்ற ஆள்களைப் பழக்க 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையமும் அமைந்தது.

மாற்றுத்திறனாளிகளைப் படிக்கவைத்த அனுபவம் ஒரு முனையில், கணினித் தொழில் மறுமுனையில். ஆனாலும் “கம்ப்யூட்டர் படிச்சிட்டான், வேலைதான் அமையல” என்று சொல்லும் பெற்றோர் இருக்கத்தான் செய்கிறார்கள். சான்றிதழுக்கும் சம்பளத்துக்கும் நடுவே சில படிகள் உண்டு. அவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: ஓகேயு அட்டை

மலேசியாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிவது கட்டாயமில்லை. விரும்பியவர்கள் சமூக நல இலாகாவில் மருத்துவரின் உறுதிப்படுத்தலோடு விண்ணப்பித்து, ஓகேயு எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டையைப் பெறலாம். செவித்திறன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு என்று ஏழு பிரிவுகள் உள்ளன. இதுவரை 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்திருக்கிறார்கள்.

நம் குடும்பங்களில் சிலர் இதற்குத் தயங்குவது தெரிந்ததே. பிள்ளைக்கு முத்திரை குத்தியதுபோல் ஆகிவிடுமோ, அக்காள் கல்யாணப் பேச்சில் இடறுமோ என்ற பயம். ஆனால் கீழே சொல்லப்போகும் உதவித்தொகை, முதலாளிக்கான வரிச்சலுகை, அரசு வேலை ஒதுக்கீடு எல்லாம் இந்த அட்டையைக் காட்டினால்தான் கைக்கு வரும்.

இரண்டாம் படி: கருவியைப் பழகுதல்

பார்வையற்றவர் கணினியைக் காதால் படிக்கிறார். திரையில் உள்ளதை உரக்கச் சொல்லும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் இருவர் உருவாக்கிய என்விடிஏ இலவசமாகக் கிடைக்கிறது. மவுஸ் தேவையில்லை, எல்லாமே விசைப்பலகையில் நடக்கும். பழகியவர்கள் ஒலியின் வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்பார்கள், பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

தமிழில் எழுதுவோர் கவனிக்க ஒன்று: யூனிகோடில் உள்ள தமிழைத் திரைவாசிப்பான் படிக்கும். பழைய எழுத்துருக்களில் தட்டிய தமிழோ அதற்கு அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் கோவை. கோயில் அறிவிப்பானாலும் சங்கச் சுற்றறிக்கையானாலும் யூனிகோடில் தந்தால் பார்வையற்ற வாசகரையும் சென்றடையும்.

காது கேளாதவருக்கு வசனவரியும், பேச்சை எழுத்தாக்கும் செயலியும் உதவும். ஆனால் சைகை மொழியில் வளர்ந்தவருக்கு எழுத்து மலாயோ ஆங்கிலமோ இரண்டாம் மொழிதான். நீளமான மின்னஞ்சலைவிடச் சின்ன வாக்கியமும் படமும் அவருக்குத் தெளிவு. கை ஒத்துழைக்காதவர் குரலால் தட்டச்சு செய்யலாம். கற்றலில் சிரமம் உள்ளவருக்கு, வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து ஒட்டிய அட்டை போதும்.

மூன்றாம் படி: தொழிலைப் பழகுதல்

கருவியைப் பழகியதும் தொழில் தெரிந்துவிட்டது என்று நினைப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கணினி அடிப்படை தெரிந்தால் மட்டும் யாரும் சம்பளம் தரமாட்டார்கள். தரவுச் சரிபார்ப்பு, காணொளிக்கு வசனவரி எழுதுதல், வாடிக்கையாளருக்கு எழுத்து வழிப் பதில், இணையதளச் சோதனை என்று ஒன்றில் கை தேற வேண்டும்.

ஷா ஆலமில் 1987 முதல் சிறப்புக் கல்வித் தொழிற்பள்ளி இருக்கிறது. பாங்கியில் சமூக நல இலாகாவின் தொழில் பயிற்சி, மறுவாழ்வு மையம் 1999 முதல் இயங்குகிறது. எங்கே சேர்ந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: முடிவில் எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்குமா? சென்ற ஆண்டு இங்கே முடித்தவர்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள்?

நான்காம் படி: கூட நிற்கும் ஆள்

ஜோப் கோச், அதாவது பணித்துணைப் பயிற்சியாளர் முறை, ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்காவின் துணையோடு மலேசியாவுக்கு வந்தது. இவர் தொடக்க நாள்களில் புதிய ஊழியரோடு வேலையிடத்திலேயே இருப்பார். வேலையைச் சிறு சிறு கட்டமாகப் பிரித்துக் காட்டுவார். யாரிடம் என்ன கேட்கலாம் என்பதை ஊழியருக்கும், எப்படிச் சொன்னால் புரியும் என்பதைச் சூப்பர்வைசருக்கும் பழக்குவார். பிறகு மெல்ல மெல்ல வருவதைக் குறைத்து, சக ஊழியர்களின் பொறுப்பில் விட்டு விலகிக்கொள்வார்.

வேலை நிலைப்பது பெரும்பாலும் இந்தத் தொடக்க வாரங்களில்தான் தீர்மானமாகிறது. அதனால் தொழிற்சாலை பஸ்ஸில் சக்கர நாற்காலி ஏறுமா, கழிப்பறைக் கதவு அகலமா, காது கேளாதவருக்குத் தீ எச்சரிக்கை விளக்காகவும் மின்னுமா என்பதெல்லாம் வேலையில் சேருமுன்னே பார்க்க வேண்டியவை.

பணமும் சட்டமும்

வேலைக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடும் என்பது பல வீடுகளின் கவலை. வேலை செய்ய இயலாதவருக்கான உதவி நிற்கும், உண்மைதான். ஆனால் குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிக்குத் தனி அலவன்ஸ் உண்டு. 2021 பட்ஜெட்டில் இயலாதவருக்கு மாதம் 300 ரிங்கிட், வேலை செய்பவருக்கு 450 ரிங்கிட் என்று உயர்த்தப்பட்டன. சம்பளத்துக்கு மேல் வருவதால், வேலைக்குப் போவதே லாபம். வருமான வரம்பு மாறக்கூடியது, இலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிக்குத் தரும் சம்பளத்தை முதலாளி வரிக்கணக்கில் இரு மடங்காகக் கழித்துக்கொள்ள 1982ஆம் ஆண்டு விதி இடம் தருகிறது.

அரசுத் துறையில் 1 விழுக்காடு இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்ற கொள்கை 1988இலேயே வந்தது. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, வேலை பெறுவதில் சம உரிமை உண்டு என்கிறது. ஆனால் மீறுவோருக்குத் தண்டனை ஏதும் வைக்காமலே அந்தச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமை தாளில் இருக்கிறது, கேட்டு வாங்கும் பாடு குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

ஆகவே பிள்ளை படிவம் மூன்றில் இருக்கும்போதே தொடங்குங்கள். இந்த வாரம் சமூக நல இலாகாவுக்குப் போய் அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அங்கேயே ஜோப் கோச் பற்றியும், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்தில் பதிவது பற்றியும் கேளுங்கள். போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போங்கள். என்ன வேலை பிடிக்கும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.