ஆளும் ஆண்டையும்

டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் ஒருவர், “நடவுக்கு ஆள் கிடைக்கல” என்று அலுத்துக்கொள்வார். தினமும் காதில் விழுகிற பேச்சுதான். டீ ஆறுவதற்குள் அந்த ‘ஆள்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வினையாக வந்தால் அது அரசன் செய்கிற காரியம்: நாட்டை ஆள்வது. பெயராக வந்தால் மனிதன். அதன் முன்னால் ‘பண்ணை’ ஒட்டிக்கொண்டால் அவன் ஆளப்படுகிறவன்.

தஞ்சைப் பக்கம் அந்தக் காலத்தில் வயல்வேலைக்காரர்களில் இரண்டு வகை சொல்வார்கள். அன்றன்றைக்கு வேலை பார்த்து அன்றைக்கே கூலி வாங்குகிறவர் அத்தக்கூலி. ‘அற்றைக்கூலி’ பேச்சில் தேய்ந்து அப்படி ஆயிற்று. பண்ணையாள் வேறு. அவர் நிலம் வைத்திருந்த ஒரே மிராசுதாரிடம் ஆண்டு முழுக்கக் கட்டுப்பட்டிருந்தவர். கூலி, மரக்காலில் அளந்து போட்ட நெல். குடிசை நின்ற மனைக்கட்டும் மிராசுதாருடையதாக இருந்தது. அப்பன் வாங்கிய கடன் மகன் தலையில் இறங்கியது. நிலக்காரரை ‘ஆண்டே’ என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. ஆள், ஆண்டை இரண்டுக்கும் வேர் ஒன்றே. 1952இல் வந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரிலேயே ‘பண்ணையாள்’ என்ற சொல் ஏறியது.

‘ஆள்’ என்றால் கட்டுப்பட்டவன் என்ற பொருள் பழையது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் சிவனடியார் சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்குக் கிழவராக வந்து சிவன் காட்டுவது ஓர் ஆளோலை. உன் பாட்டன் எழுதிக் கொடுத்தது, வழிவழியாக நீ எனக்கு அடிமை என்கிறார். மனிதரை விற்ற ஆவணங்கள் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே உண்டு. அந்தக் கதையைக் கேட்டவர்களுக்கு அந்த ஓலை புதிதாக இருந்திருக்காது.

ஆனால் அதே பெரியபுராணத்து நந்தனார் யாருக்கும் பண்ணையாள் அல்ல. ஆதனூர்ப் புலைப்பாடியில், ஊர்த் தொழிலுக்காக விட்ட நிலத்தில் பிழைத்து, கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்கு, போக ஆசை. பிறந்த குலம் தடுக்குமே என்ற தயக்கம். ‘நாளைப் போவேன்’ என்று தள்ளிக்கொண்டே வந்ததால் திருநாளைப்போவார் ஆனார்.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதியபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒருவரை உள்ளே கொண்டுவந்தார்: நிலம் வைத்திருக்கும் வேதியர். நந்தன் அவருடைய பண்ணையாள் ஆகிவிட்டார். எனக்கு இது மிகப் பெரிய மாற்றமாகப் படுகிறது. பாரதி நரிமணத்தில் பிறந்து காவிரிப் படுகையிலேயே வாழ்ந்தவர். பண்ணையாளை அன்றாடம் கண்ணால் கண்டவர். அவர் கதையில் ‘நாளை’ நந்தன் கையில் இல்லை. சிதம்பரம் போக உத்தரவு கேட்டு நிற்க வேண்டும். 40 வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்கு மேல். பக்கத்தில் யாராவது உழவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஒரு மனிதனுக்கு அது எத்தனை நாள் வேலை என்று.

கதையில் சிவனருளால் ஒரே இரவில் அந்த வேலை முடிகிறது; பொழுது விடியும்போது நெல் விளைந்து நிற்கிறது. ஆண்டை ஓடிவந்து ஆளின் காலில் விழுகிறார்.