இரவிலும் ஃபோன் எடுத்த பள்ளிக்கூடம்

1990-களின் நடுவில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த மின்னஞ்சல் முகவரி மிக நீளமானது. பிள்ளையின் பெயர், பள்ளியின் பெயர், பள்ளி மாவட்டத்தின் சுருக்கப் பெயர், பிறகு 'கே12' என்றொரு குறி, மாநிலத்தின் இரண்டு எழுத்து, கடைசியில் 'யு.எஸ்.'. தபால் உறைமேல் தெரு, ஊர், மாவட்டம் என்று எழுதிக்கொண்டே போவது போன்ற வரிசை. ஆன் கூப்பர், ஜான் போஸ்டல் என்ற இருவர் 1993-இல் இந்த விதியை எழுதிவைத்தார்கள். பாலர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை என்பதைக் குறிப்பது 'கே12'. அந்த முகவரியில் எந்தக் கம்பெனியின் பெயரும் கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கு இணையத்தில் முதலில் ஓர் இடம் கொடுத்தது ஊர்ப் பொதுப்பள்ளி. இன்று எட்டு வயதுக் குழந்தையும் ஏதோ ஒரு பெருநிறுவனத்தின் கணக்கோடுதான் இணையத்துக்குள் நுழைகிறது என்பதால், அந்தக் காலத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அங்குள்ள பள்ளி மாவட்டம் நம் கல்வி மாவட்டம் மாதிரி இல்லை. அது தனி உள்ளாட்சி அமைப்பு. பெரும்பாலான இடங்களில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த குழு அதை நடத்துகிறது. சொத்துவரியில் ஒரு பங்கு அதற்கு வந்து சேர்கிறது. ஆகவே ஒரு மாவட்டம் தானே முடிவெடுத்து பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடிய ஒரு யூனிக்ஸ் கணினியையும், ஃபோன் கம்பி வழியே அதோடு இணைய உதவும் ஒரு அடுக்கு மோடம்களையும் வாங்கித் தன் அலுவலகத்தில் வைத்து, "இந்த எண்ணுக்கு டயல் செய்யுங்கள்" என்று ஆசிரியர்களிடம் சொல்ல முடிந்தது.

காலமும் ஒத்துழைத்தது. அன்றைய இணையத்தின் தலைப்பாதையான என்எஸ்எஃப்நெட்டை அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்தியது. ஆராய்ச்சிக்கும் கல்விக்கும்தான் அந்தப் பாதை, வியாபாரத்துக்கு அல்ல என்பது அதன் விதி. 1995 ஏப்ரலில் அது மூடப்பட்டு, போக்குவரத்து தனியார் வலையமைப்புகளுக்கு மாறியது. அதற்கு முந்தைய நான்கைந்து ஆண்டுகளில் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிகள் உள்ளே வந்தன. டெக்சாஸின் 'டெனெட்', வர்ஜீனியாவின் 'பென்' இரண்டும் 1991-இல் மாநிலம் முழுவதற்கும் தொடங்கப்பட்டவை. கொலராடோவில் போல்டர் வேலி பள்ளி மாவட்டம் 1992-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் தன் இணையத் திட்டத்தை ஆரம்பித்தது.

இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக ஒன்று இருந்தது. சான்டியேகோவில் அல் ரோஜர்ஸ் என்ற ஆசிரியர் 1980-களின் நடுவில் உருவாக்கிய 'ஃப்ரெட்மெயில்'. அதற்குத் தனி இணைப்பு எதுவும் தேவைப்படவில்லை. பள்ளியில் இருந்த ஆப்பிள் 2 கணினி பகலெல்லாம் கடிதங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஃபோன் கட்டணம் குறைந்த நள்ளிரவில் இன்னொரு ஊரிலுள்ள கணினியை அழைத்து அவற்றைக் கொடுக்கும்; அது அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும். காசில்லாத பள்ளிகளுக்காக ஓர் ஆசிரியர் யோசித்துச் செய்த ஏற்பாடு. இணைய வரலாறு எழுதுகிறவர்கள் இவரைப் போன்றவர்களுக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை; அது நியாயமில்லை.

மாவட்டத்தின் டயல்-அப் சேவையை வீட்டிலிருந்து பயன்படுத்துவது எப்படி இருந்தது? ஃபோன் கம்பி ஒன்றே ஒன்றுதான். அது மோடத்தோடு இணைந்துவிட்டால் வீட்டில் வேறு யாரும் பேச முடியாது. 'கால் வெயிட்டிங்' வசதி உள்ள வீடுகளில், நடுவே ஒரு அழைப்பு வந்தால் அந்த 'டொக்' ஓசையிலேயே இணைப்பு அறுந்துவிடும். ஆகவே எண்ணுக்கு முன்னால் நட்சத்திரக் குறியும் 70-உம் சேர்த்து டயல் செய்வார்கள். பிறகு அந்தக் கீச்சொலியும் இரைச்சலும். இரண்டு மோடம்களும் எந்த வேகத்தில் பேசிக்கொள்ளலாம், கம்பியில் எவ்வளவு கரகரப்பு இருக்கிறது என்று ஒன்றையொன்று சோதித்துக்கொள்ளும் சத்தம் அது. ஒத்துவந்தால் திரையில் 'கனெக்ட் 14400' என்று விழும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்ததும் எழுத்தாலான ஒரு பட்டியல் வரும். மின்னஞ்சலுக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'பைன்' என்ற மென்பொருள் பரவலாக இருந்தது. எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதைத் திரையின் அடியில் இரண்டு வரியில் எப்போதும் காட்டிக்கொண்டிருக்கும். பத்து வயதுப் பிள்ளையும் கையேடு இல்லாமல் கற்றுக்கொள்ளலாம். வலைப்பக்கம் பார்க்க கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'லின்க்ஸ்'. அதில் படமே வராது, எழுத்து மட்டும்.

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2400 பிட் மோடத்தில் நொடிக்குச் சுமார் 240 எழுத்துகள் வரும். 24 வரி, வரிக்கு 80 எழுத்து கொண்ட ஒரு முழுத் திரை நிரம்ப எட்டு நொடி. நாம் வாசிப்பதைவிட வேகம்தான்; ஆனாலும் கடிதம் வரி வரியாகத் திரையில் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். 14,400 பிட் மோடம் வந்த பிறகும் 100 கிலோபைட் படம் ஒன்றுக்கு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். பல மாவட்டங்கள் வெளியுலகத்தோடு இணைந்திருந்தது நொடிக்கு 56,000 பிட் போகும் ஒரே குத்தகைக் கம்பியால். அதாவது 14,400 மோடம் வைத்திருக்கும் நான்கே பேர் ஒரே சமயத்தில் படங்களை இறக்கினால் மாவட்டத்தின் மொத்தப் பாதையும் நிறைந்துவிடும். எழுத்து மட்டுமே என்ற கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்பது இதில் விளங்கும். மாலை நேரத்தில் 'பிஸி' தொனிதான் அதிகம் கேட்டது.

ஆனால் வேகத்தைவிடப் பெரிய தடை வேறு. அன்று அமெரிக்க வகுப்பறைகளில் பெரும்பாலானவற்றில் ஃபோன் கிடையாது. தலைமையாசிரியர் அறையில் இருக்கும், அலுவலகத்தில் இருக்கும், நூலகத்தில் ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம். கல்விப் புள்ளிவிவரத்துக்கான தேசிய மையம் 1994-இல் எடுத்த கணக்கில் பொதுப்பள்ளிகளில் 35 சதவீதத்தில் இணையம் இருந்தது. பாடம் நடக்கும் அறைகளில் 3 சதவீதத்தில்தான் இருந்தது. ஆகவே ஆசிரியர்கள் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு முடித்து, மாவட்டத்தின் எண்ணை அழைத்தார்கள். உள்ளூர் அழைப்புக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்காத ஊர்களில் இது செலவில்லாத காரியம். தொலைதூரக் கட்டணம் விழும் கிராமப்புறங்களில் அப்படி இல்லை.

அந்த இரவுகளில் என்ன நடந்தது என்பதுதான் இதன் சாரம். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பாடம் நடத்துவது ஆசிரியர் தொழிலின் இயல்பு. ஒரு சின்ன ஊரில் இயற்பியல் நடத்துகிறவருக்கு அந்தப் பள்ளியில் இன்னொரு இயற்பியல் ஆசிரியர் இருக்க மாட்டார். அவருக்கு முந்நூறு மைல் தள்ளி ஒரு சகா கிடைத்தார். வகுப்பறைக்குள்ளும் இந்தத் தொடர்பு வந்து சேர்ந்தது. நேஷனல் ஜியாகிரஃபிக் 'கிட்ஸ் நெட்வொர்க்' திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர் மழைநீரின் அமிலத்தன்மையை அளந்து, மோடம் வழியாக அனுப்பி, மற்ற ஊர்களின் அளவுகளோடு சேர்த்து வரைபடமாகப் பார்த்தார்கள். கிளீவ்லாந்து ஃப்ரீ-நெட் என்ற இலவச ஊர் வலையமைப்போடு தொடர்புடைய 'அகாடமி ஒன்' பாவனை விண்வெளிப் பயணம் நடத்தியது. வெவ்வேறு ஊர்ப் பள்ளிகள் அதில் ஆளுக்கொரு பொறுப்பை ஏற்றன. 1994-இல் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர்கள் 'டாக்டர் மேத்' என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளின் கணக்குச் சந்தேகங்களுக்கு மின்னஞ்சலில் பதில் எழுத ஆரம்பித்தார்கள். பிள்ளை கேட்ட கேள்விக்கு ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து எழுதிய பதில். இதற்கு நான் கொடுக்கும் மதிப்பு மிகப் பெரியது.

கட்டுப்பாடுகளும் இருந்தன. பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் இல்லாமல் பிள்ளைக்குக் கணக்கு கிடைக்காது. தவறாகப் பயன்படுத்தினால் கணக்கு பறிபோகும். பல மாவட்டங்கள் ஆசிரியர்களோடு நிறுத்திக்கொண்டன. சில மாணவர்களுக்கும் கொடுத்தன.

முன்பு சொன்ன போல்டர் வேலி மாவட்டத்தில் கவனிக்க வேண்டியது பயிற்சி. ஒரு சிறு ஆசிரியர் குழுவுக்கு முதலில் கற்பித்து, அவர்கள் மற்ற ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் வழியை அந்த மாவட்டம் பின்பற்றியது. கம்பி பிறகு வரும், ஆள் முதலில் தயாராக வேண்டும் என்ற தெளிவு அதில் இருந்தது.

அடுத்து வந்த வேகம் தெரிந்ததே. 1996 மார்ச் 9 அன்று கலிஃபோர்னியாவில் 'நெட் டே' நடந்தது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் பள்ளிகளில் கம்பி இழுத்தார்கள். அதிபர் கிளின்டனும் துணை அதிபர் அல் கோரும் கான்கார்டு நகரத்துப் பள்ளி ஒன்றில் வந்து கைகொடுத்தார்கள். அந்த ஆண்டு நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் அடிப்படையில் 'ஈ-ரேட்' பிறந்தது. அப்போது ஆண்டுக்கு 225 கோடி டாலர் வரை நிதி; பள்ளியின் வறுமைக்கு ஏற்ப 20 முதல் 90 சதவீதம் வரை கட்டணச் சலுகை. பாடம் நடக்கும் அறைகளில் 1994-இல் 3 சதவீதமாக இருந்த இணைப்பு 2000-இல் 77 சதவீதம் ஆனது. மகத்தான சாதனை. ஆனால் ஈ-ரேட் பணத்தில் கணினி வாங்க முடியாது, ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்க முடியாது. பணம் பள்ளி, நூலக வளாகத்தோடு நின்றது. வீடு கணக்கில் வரவில்லை.

அதே காலத்தில் மாவட்டங்களின் மோடம்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. 1996 டிசம்பரில் இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் மாதம் 19.95 டாலருக்கு நேரக் கணக்கில்லாத இணைப்பைத் தரத் தொடங்கியது. வசதியுள்ள வீடுகள் அங்கே போயின. மாவட்டத்தின் எண் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. 19.95 டாலர் கொடுக்க முடியாத வீட்டுக்கு என்பதே சரியான பதில், அதைச் சொல்வாரில்லை. கிளீவ்லாந்து ஃப்ரீ-நெட் 1999-இல் மூடப்பட்டது.

விளைவு இருபது ஆண்டு கழித்துத் தெரிந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள அமெரிக்க வீடுகளில் 15 சதவீதத்தில் அதிவேக இணையம் இல்லை என்று பியூ ஆய்வு மையம் 2018-இல் எழுதியது. 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, கலிஃபோர்னியாவின் சலினாஸில் இரண்டு சிறுமிகள் ஓர் உணவகத்தின் வாசலில் தரையில் உட்கார்ந்து அதன் வைஃபையில் பாடம் படிக்கும் படம் நாடெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் வீட்டு இணைப்புக்கும் சேர்த்து 700 கோடி டாலருக்கு மேல் அவசர நிதி ஒதுக்கியது. 2024 ஜூன் 30-இல் அந்த நிதித் திட்டமும் முடிந்தது.

பள்ளியின் இணையம் பிள்ளையின் வீட்டுக்கும் போக வேண்டும் என்பதைப் பெரிய புதுமையாக இன்று விவாதிக்கிறார்கள். 14,400 பிட் வேகத்தில், ஒரு யூனிக்ஸ் கணினியை வைத்துக்கொண்டு, சில மாவட்டங்கள் அதை ஏற்கெனவே செய்தன. அதைக் கைவிட்டது தவறு.