தலைநகரில் மீண்டும் முதல் படி

புதுதில்லி: உயர் நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகள் வாதாடிய வழக்கறிஞராயினும், உச்ச நீதிமன்றத்தில் கட்சிக்காரருக்காகத் தாமே ஒரு மனுவைக்கூடத் தாக்கல் செய்ய இயலாது. அவ்வுரிமை 'அட்வகேட் ஆன் ரெக்கார்டு' எனப்படுவோருக்கே உண்டு. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ நடுவயதில் தில்லிக்குக் குடிபெயரும் வழக்கறிஞர்கள் முதலில் எதிர்கொள்ளும் தடை இதுவே.

2013-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற விதிகளின்படி, இப்பதிவுக்கு 4 ஆண்டு அனுபவமும் ஓராண்டுப் பயிற்சியும் தேவை. வழக்கறிஞராகப் பத்தாண்டுகள் நிறைவு செய்தோருக்குப் பயிற்சியிலிருந்து தலைமை நீதிபதி விலக்கு அளிக்கலாம். ஆனால் அவ்விலக்கு தேர்வுக்குப் பொருந்தாது. தமது மகன் வயதினருடன் அமர்ந்து நான்கு தாள்களையும் எழுதியாக வேண்டும். ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதமும், மொத்தத்தில் 60 சதவீதமும் பெற வேண்டும்.

தேர்ச்சி பெற்ற பின்னரும் செலவு காத்திருக்கிறது. நீதிமன்றத்திலிருந்து 16 கி.மீ. சுற்றளவுக்குள் அலுவலகம் வேண்டும். பதிவு பெற்ற குமாஸ்தா ஒருவரையும் ஒரு மாதத்துக்குள் அமர்த்த வேண்டும்.

வருவாயோ உடனே வருவதில்லை. ஊரில் கட்சிக்காரர் நேரே வந்து நின்றார். இங்கோ, ஊரிலுள்ள சக வழக்கறிஞர்கள் அனுப்பும் வழக்குக் கட்டுகளே பிழைப்பு. எனினும், தமிழில் பதிவான சாட்சியத்தை மொழிபெயர்ப்பின்றியே படித்துணரும் திறன் அவர்களுக்குப் பெருந்துணை. ஊரில் ஈட்டிய நற்பெயரே இங்கு முதல். ஆதலால், தேர்வில் வெல்லும்வரை ஊர் அலுவலகத்தை மூடாதிருப்பதே விவேகம்.