ஒரே வண்டியில் மூன்று தலைமுறை

ஊருக்கு வெளியே உள்ள ஒரு சிறிய கேளிக்கைப் பூங்காவின் மதிலுக்கு மேலாக எஃகுத் தூண்கள் எழத் தொடங்கினால், அச்செய்தி முதலில் பள்ளிப் பேருந்தின் சன்னலோரக் குழந்தைகளுக்கே எட்டுகிறது. "அடுத்த விடுமுறைக்குள் திறந்துவிடுவார்களா?" என்னும் கேள்வி அன்று மாலையே வீடு வந்து சேர்கிறது. பெரியவர்களாகிய நாம் உடனே செலவைக் கணக்கிடுகிறோம். வரவிருப்பது குடும்ப ரோலர் கோஸ்டர் என்றால் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்: நம் வீட்டில் எத்தனை பேர் அதில் ஒன்றாக அமர முடியும்?

பிரிந்து நிற்கும் குடும்பம்

தில்லியில் அப்பு கர் 1984-இல் திறக்கப்பட்டது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக்குட்டியின் பெயரையே அது தாங்கியிருந்தது. மும்பையில் எஸ்ஸெல்வேர்ல்டு 1989-இலும், கொல்கத்தாவில் நிக்கோ பார்க் 1991-இலும் வந்தன. அன்று அங்கே வரிசையில் நின்ற சிறுவர் பலர் இன்று பெற்றோராகிவிட்டனர்.

ஆயினும் பூங்காவுக்கு ஒன்றாகச் செல்லும் குடும்பம் உள்ளே சென்றதும் பிரிந்துவிடுவதே வழக்கம். சிறுவர் இராட்டினத்தில் குழந்தை சுற்ற, பெற்றோர் வெளியே நின்று கையசைக்கின்றனர். பெரிய ரோலர் கோஸ்டரில் இளைஞர் ஏற, தாத்தாவும் பேத்தியும் பைகளுக்குக் காவல் இருக்கின்றனர். இந்த இடைவெளியை நிரப்பவே குடும்ப ரோலர் கோஸ்டர் வருகிறது. அது பொதுவாகத் தலைகீழாகச் சுழல்வதில்லை, சரிவுகளும் மிதமானவை. குறைந்த இடத்தில், பல வயதினரையும் ஈர்க்க விரும்பும் சிறிய பூங்காவுக்கு அது ஏற்ற முதலீடு.

இயந்திரம் இழுப்பது மேட்டுக்கு மட்டும்

பெரும்பாலான ரோலர் கோஸ்டர்களில் ஒரு சங்கிலி வண்டியை முதல் மேட்டுக்கு இழுத்துச் செல்கிறது. ஏறும்போது கேட்கும் 'டக் டக்' ஓசை பலரை அஞ்ச வைக்கும். உண்மையில் அது வண்டி பின்னோக்கி வழுக்காமல் காக்கும் பற்களின் ஓசை. உச்சியைத் தாண்டியபின் வண்டியை இறக்குவது புவியீர்ப்பே. 10 மீட்டர் இறங்கும் வண்டி, உராய்வும் காற்றுத் தடையும் இல்லையெனில், மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். நடைமுறையில் வேகம் அதனினும் குறைவு.

இன்றைய வண்டிகளில் தண்டவாளத்தின் மேலே ஓடும் சக்கரங்களுடன், பக்கவாட்டிலும் அடிப்புறத்திலும் அணைத்து ஓடும் சக்கரங்களும் உள்ளன. ஆகவே மேட்டைத் தாண்டும்போது நம் உடல் இருக்கையை விட்டு எழுவதுபோல் தோன்றினாலும் வண்டி தடத்தை விட்டு எழாது.

பதினான்கு ஆண்டுக் காத்திருப்பு

வேகம் குறைந்த வண்டியை மக்கள் விரும்புவார்களா என்னும் ஐயத்துக்கு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அல்டூனா என்னும் ஊர் விடை தருகிறது. அங்குள்ள லேக்மாண்ட் பூங்காவில் 1902-இல் 'லீப் தி டிப்ஸ்' என்னும் மரத்தாலான ரோலர் கோஸ்டர் அமைந்தது. உயரம் 41 அடி. வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். மிதிவண்டியும் அதனை முந்திவிடும். பழுதடைந்து 1985-இல் அது நின்றது. இடித்து அகற்றாமல், அதைக் காப்பதற்கென அறக்கட்டளை அமைத்து நிதி திரட்டிச் சீரமைத்து, 1999-இல் மீண்டும் ஓடவிட்டனர். பாட்டி ஏறிய வண்டியில் பேரனும் ஏற வேண்டும் என்னும் விருப்பத்துக்கு வேகம் ஒரு பொருட்டன்று.

காத்திருக்கும் நாட்களில்

நுழைவுச்சீட்டின் மீது 2017-இல் விதிக்கப்பட்ட 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி, 2018 ஜனவரியில் 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அறிவிக்கப்படும் கட்டணத்தில் வரி அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டறிவது நலம். எடுத்துக்காட்டாக, வரி நீங்கலாக 600 ரூபாய்ச் சீட்டு எனில் ஐவருக்கு 3,000 ரூபாய், வரியுடன் 3,540. மாதம் 600 ரூபாய் வீதம் ஆறு மாதத் தொடர் வைப்பு இதற்குப் போதும். அந்தத் தொகையின் ஒரு பங்கைக் குழந்தையின் உண்டியலிலிருந்து பெற்றால், காத்திருப்பதன் பொருளும் சேமிப்பதன் பொருளும் ஒன்றே என அதற்குப் புரியும்.

திறந்த முதல் நாளிலேயே செல்ல வேண்டியதில்லை. மணல் மூட்டைகளையோ நீர் நிரப்பிய பொம்மைகளையோ ஏற்றிப் பலமுறை ஓட்டிச் சோதித்த பின்னரே மனிதரை ஏற்றுவது முறை. நாள்தோறும் பூங்கா திறக்குமுன் வெறும் வண்டியை ஓட்டிப் பார்க்கிறார்களா என்று கேட்பது நம் உரிமை. இதய நோயுள்ளோரும் கருவுற்றோரும் ஏறலாகாது என்னும் அறிவிப்பை, 'சிறிய வண்டிதானே' என்று புறக்கணித்தலும் கூடாது.

எல்லாவற்றிலும் கடினமானது உயரக்கோல். இரண்டு விரற்கடை குறைந்ததால் திருப்பி அனுப்பப்படும் குழந்தையின் முகத்தைக் காண நமக்குப் பொறுக்காது. குதிகாலை உயர்த்தச் சொல்லவும், பணியாளரிடம் வாதாடவும் தோன்றும். ஆனால் அந்தக் கோல் துணிச்சலை அளப்பதில்லை. மடிமீது இறங்கும் கம்பி அவ்வுடலைப் பிடித்து நிறுத்துமா என்பதையே அளக்கிறது.

ஆகவே வீட்டிலேயே சுவரோரம் நிறுத்தி அளந்து, பென்சிலால் கோடிட்டு வைப்போம். கோடு எட்டவில்லையெனில் அடுத்த ஆண்டு செல்வோம். வண்டி அங்கேயே இருக்கும், குழந்தையோ வளர்ந்திருக்கும்.