தூரத்தைக் கொடு, பாரத்தைக் குறை

கராடியில் இப்போது நம் தமிழ்க் குடும்பங்கள் நிறையவே இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்து கூடவே தங்குகிறார்கள். பேரன் பேத்திகள் பள்ளியில் ‘சிம்பிள் மெஷின்’ பாடம் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஃபார்முலா மனப்பாடமாக இருக்கிறது. ஆனால் அதை எங்கே பார்க்கலாம் என்று கேட்டால் விழிக்கிறார்கள். டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், அனுபவத்தில் கண்டதைக் கொண்டு இதை விளக்கலாம் என்று நினைக்கிறேன்.

எளிய இயந்திரங்கள் ஆறு: நெம்புகோல், சக்கரமும் அச்சும், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு. இவை வேலையைக் குறைக்கின்றன என்று பலரும் சொல்வதுண்டு. உண்மையில் அவை வேலையைக் குறைப்பதில்லை. வேலை என்பது நாம் கொடுக்கும் பலத்தையும் அது நகரும் தூரத்தையும் பெருக்கி வருவது. பலம் பாதியானால் தூரம் இரண்டு மடங்காகும். இது கடனைத் தவணையில் அடைப்பது போன்றது. மொத்தத் தொகை குறையாது. ஒரே நாளில் கொடுக்க முடியாததைச் சிறிது சிறிதாகக் கொடுத்துவிடலாம், அவ்வளவுதான்.

முதலில் நெம்புகோல். ரயில் பாதையில் வேலை செய்யும் கேங்மேன் கையில் இருக்கும் கடப்பாரைதான் அது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் 13 மீட்டர் நீளம் இருந்தால் மொத்தம் 780 கிலோ. ஒரு முனையை மட்டும் தூக்க அதில் பாதி, அதாவது 390 கிலோ பலம் வேண்டும். ஒன்றரை மீட்டர் கடப்பாரைக்கு, நுனியிலிருந்து 15 சென்டிமீட்டரில் ஒரு கட்டையை அண்டக் கொடுத்தால், இந்தப் பக்கம் 15, அந்தப் பக்கம் 135. ஒன்பது மடங்கு! சுமார் 43 கிலோ அழுத்தத்தில் முனை எழும்பிவிடும். ஆனால் கை 9 சென்டிமீட்டர் இறங்கினால் தண்டவாளம் 1 சென்டிமீட்டர்தான் ஏறும். தவணைக் கணக்கு புரிகிறதல்லவா?

அடுத்தது சாய்தளம். நம் வாசகர்களில் மும்பைக்கு ரயிலில் போகாதவர் இருக்க மாட்டார்கள். வழியில் வரும் போர் காட் மலைப்பாதை, நம் நாட்டின் மிகப் பெரிய சாய்தளங்களில் ஒன்று. கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே 1856-இல் வேலையை ஆரம்பித்து 1863-இல் பாதையைத் திறந்தது. உச்சகட்டத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் அங்கே பாறையைக் குடைந்தார்கள். 1831 அடி உயரத்தை ஏறுவதற்குச் சுமார் 25 கிலோமீட்டர் தூரம் செலவழித்திருக்கிறார்கள். மிகச் செங்குத்தான இடத்திலும் 37 அடி போனால் ஓர் அடிதான் ஏற்றம். அதனால் ஒரு டன் எடையை இழுக்க, உராய்வு நீங்கலாக, 27 கிலோ பலம் போதும். ஆனால் ஆயிரம் டன் வண்டிக்கு அதுவே 27 டன் ஆகிவிடும். கர்ஜத்தில் வண்டிக்குப் பின்னால் தள்ளு இன்ஜின்கள் சேர்ப்பது இதற்காகத்தான். அடுத்த முறை போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

நம் முன்னோர்கள் ஃபார்முலா இல்லாமலே இதை அறிந்திருந்தார்கள். கிணற்றிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைப்பதை நம் பக்கம் கவலை என்றும் கமலை என்றும் சொல்வோம். மராட்டியில் அதற்கு ‘மோட்’ என்று பெயர். தோற்பறியை மேலே இழுக்கும்போது மாடுகள் சரிவில் கீழ் நோக்கி நடக்கும். மாட்டின் சொந்த எடையும் இழுவைக்குத் துணை வரும். மேட்டில் திரும்பி ஏறும்போது பறி காலி. கப்பியையும் சாய்தளத்தையும் சேர்த்த அருமையான ஏற்பாடு இது. தமிழ்நாட்டு உழவரும் மராட்டிய உழவரும் ஒரே யோசனையைத்தான் கையாண்டிருக்கிறார்கள்.

கப்பியைப் பற்றி ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். கிணற்றுக்கு மேலே மாட்டிய ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைக்காது; இழுக்கும் திசையை மட்டும் மாற்றும். மேல் நோக்கித் தூக்குவதற்குப் பதிலாகக் கீழ் நோக்கி இழுக்கிறோம். உடம்பின் எடை உதவுகிறது, முதுகு தப்பிக்கிறது. பாரத்தோடு சேர்ந்து மேலே ஏறும் இன்னொரு கப்பியை மாட்டினால்தான் இழுவை பாதியாகும். அப்போது கயிறு இரண்டு மடங்கு இழுக்க வேண்டும்.

எந்த இயந்திரமும் உராய்வு என்ற தரகு வாங்காமல் வேலை செய்யாது. காரைத் தூக்கும் திருகு ஜாக்கியில் நாம் போடும் உழைப்பில் பாதிக்கு மேல் உராய்விலேயே போகிறது. அது நஷ்டம் போலத் தெரியும். ஆனால் கையை எடுத்தால் கார் கீழே இறங்காமல் நிற்பது அந்த உராய்வினால்தான்.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். நம் பகுதிக் குடியிருப்புகள் சிலவற்றில் சக்கர நாற்காலிக்கென்று சரிவு கட்டியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம், ஓரிடத்தில் டேப் வைத்து அளந்தேன். 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு 180 சென்டிமீட்டர்தான் நீளம். நான்குக்கு ஒன்று! ஆளும் நாற்காலியும் சேர்த்து 80 கிலோ என்றால், தள்ளுகிறவர் சுமார் 20 கிலோ பலம் கொடுக்க வேண்டும். இறங்கும்போது அதே பலத்தோடு பிடித்து நிறுத்த வேண்டும். பிடி நழுவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஐம்பது வயதுப் பெண் தன் மாமியாரை அதில் எப்படி ஏற்றி இறக்குவார்?

மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் கேட்பது பன்னிரண்டுக்கு ஒன்று. அதாவது 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு 5 மீட்டர் 40 சென்டிமீட்டர் நீளம். அப்போது 7 கிலோ பலம் போதும். பள்ளிக்கூடப் பையன்கூடத் தாத்தாவைத் தள்ளிப் போகலாம். இடம் போதாது என்பார்கள். சரிவை நேராகத்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. நடுவில் ஒரு சமதளம் வைத்துத் திருப்பிக் கட்டலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டேப்பும் பேரப் பிள்ளையுமாகக் கீழே இறங்கி உங்கள் வாசல் சரிவை அளந்து பாருங்கள். நீளத்தை உயரத்தால் வகுத்து, பன்னிரண்டுக்குக் குறைவாக வந்தால், கணக்கை ஒரு தாளில் எழுதிச் சொசைட்டி கூட்டத்தில் கொடுங்கள். பிள்ளைக்குப் பாடமும் புரியும், வீட்டுப் பெரியவர்களுக்கு வாசலும் திறக்கும்.